பேச்சுக்கு ஒரு ஓட்டை

இந்தக் காலத்தில் சொன்னால் கேட்கிறவன் எவனும் இல்லை. ஆனால் போனைக் காதில் வைத்ததுமே முதல் வார்த்தை "கேக்குதா, கேக்குதா" என்பதுதான். தான் பேசுவது எதிராளிக்குக் கேட்டால் போதும். எதிராளி சொல்வது தன் மண்டையில் ஏற வேண்டும் என்று ஒன்றும் கிடையாது.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், நிதானமாகத்தான் சொல்வேன். குளிர்கிடங்கில் போன் பொருத்திக்கொடுத்த அந்தப் பெண்ணை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதிவிடாதீர்கள். எனக்கு அப்படி எதுவும் உறுத்தவில்லை.

அந்தக் கிடங்கில் நான் காவல்காரன். மீனையும் இறைச்சியையும் கல்லாக உறைய வைக்கிற இடம் அது. கதவு சாத்திவிட்டால் உள்ளே இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வராது. செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது. அதனால் உள்ளே கதவோரம் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் என் காவல் அறையில் மணி அடிக்கும். நானே வயர் இழுத்துப் பொருத்தியது. ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

பிறகு முதலாளியின் மச்சான் மேனேஜராக வந்தான். என் கடைசி மகன் வயசு. வந்த கையோடு எல்லா இடத்துக்கும் இன்டர்நெட் போன் என்று ஆரம்பித்தான். மணியைப் பிடுங்கச் சொன்னான்.

"அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும் தம்பி. உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்றேன்.

"பெருசு, நீயும் அந்த மணியும் ஒரே வயசு. ரெண்டையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போடணும்" என்றான். மூட்டை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகுகிறது, அதையாவது மாற்றுங்கள் என்றேன். அதற்கும் சிரிப்புத்தான்.

அந்தப் பெண் வந்து, போன்களுக்கான சர்வர் பெட்டியை ஆபீஸ் அறையில் வைத்தாள். அதைச் சுற்றி பயர்வால் என்று ஒன்று இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத மதில், திருடன் வராமல் காக்குமாம். கிடங்குப் போன் மதிலுக்கு உள்ளே. என் அறை வரைக்கும் தரையைத் தோண்டி வயர் போடச் சோம்பல்பட்டு, மேனேஜர் எனக்குத் தனி இன்டர்நெட் லைன் கொடுத்துவிட்டான். அதனால் நான் மதிலுக்கு வெளியே. அது ஒன்றும் எனக்குப் புதிதல்ல.

முதல் நாள் போன் அடித்தது, எடுத்தேன். கிடங்கிலிருந்து அந்தப் பெண் பேசியது எனக்குக் கேட்டது. நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடடா, இது நல்லா இருக்கே. பெருசு கத்தினாலும் எனக்குக் கேக்காது. இப்படியே விட்டுடும்மா."

அவள் சிரிக்கவில்லை. என்னிடம் மரியாதையாகச் சொன்னாள்: "மதில்ல ரெண்டு ஓட்டை போடணும் ஐயா. போன் அடிக்கிறதுக்கு ஒண்ணு, உங்க பேச்சு உள்ள வர்றதுக்கு ஒண்ணு. அடிக்கிறதுக்குப் போட்டாச்சு, பேச்சுக்குப் போட விட்டுப்போச்சு." ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் கடைசி வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டாள். உடனே என் பேச்சு கிடங்குக்குள் போயிற்று. எனக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்க வராது. ஆனால் கடைசி வரி எது என்று தெரியும்.

முதலாளி கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் முன்னால் போன் பல்லிளிக்க வேண்டும், மணி திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஆபீசைக் கூட்டுகிற சாக்கில் உள்ளே போய், திறந்தே கிடந்த கம்ப்யூட்டரில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

முதலாளி வருவதற்கு முந்தின நாள் விடுமுறை. மேனேஜர் மட்டும் வந்தான், சரக்கை ஒழுங்கு பார்க்க. போட்டிருந்தது மெல்லிய சட்டை. கிடங்குக்குள் போனான், கதவு தன்னால் சாத்திக்கொண்டது. அதை நான் தொடவில்லை. தொடவில்லை என்று எழுதுங்கள்.

கொஞ்ச நேரத்தில் என் அறைப் போன் அடித்தது. கிடங்குப் போன் கம்பெனிக்குள் மட்டும்தான் அடிக்கும்; அன்றைக்கு எடுக்க என்னைத் தவிர ஆளில்லை.

"யோவ் பெருசு, கைப்பிடி திரும்ப மாட்டேங்குது. வந்து திற."

"கேக்குது" என்றேன்.

"ஹலோ? கேக்குதா? தூங்கிட்டியாய்யா?"

"கேக்குது தம்பி."

வைத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி எடுத்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: ஒருமுறைகூட நான் எடுக்காமல் இருக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னேன். பதில் போய்ச் சேரவில்லை என்றால், இப்படியே விட்டுடு என்று சொன்னது யார்?

போன் கெட்டுப்போயிருந்தது, கிழவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பல் தந்தியடித்ததுகூடக் கேட்டது. யோவ் என்றவன் அண்ணே என்றான். அண்ணே என்றவன் ஐயா என்றான். மரியாதை வருவதற்கு எவ்வளவு குளிர் தேவைப்படுகிறது பாருங்கள்.

கிடங்கு என் அறையிலிருந்து கூப்பிடு தூரம். வெளியிலிருந்து ஒரு கையால் இழுத்தால் திறந்துகொள்கிற கதவு. மணியைப் பிடுங்கியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், எழுந்து போய்த் திறக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

சொல்லவும் சொன்னான்.

"அந்த மணியைப் பிடுங்கியிருக்கக் கூடாதுய்யா. நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். கேக்குதா ஐயா?"

"கேக்குது" என்றேன். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்தேன். அவன் சொல்லவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். பொழுது சாய்கிறவரை உள்ளே ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் நன்றாகவே கேட்டது.

பிறகு போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். போடாததால் பழி அந்தப் பெண் மேல் விழுந்துவிட்டது. இதில் நான் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான்.

கிடங்கில் மறுபடி மணி வைத்துவிட்டார்களாம். சிவப்புப் பொத்தான், அதே இடத்தில். அப்போது யார் சொன்னது சரி? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். இவ்வளவு நேரத்தில் உங்கள் மேஜைப் போன் எத்தனை தடவை அடித்தது, எடுத்த ஒவ்வொரு தடவையும் "கேக்குதா, கேக்குதா" என்று நீங்கள் கத்தினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்தப் பக்கம் போக வேண்டும், இந்த நடை வழியாகவா? கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடப்பேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த லாக்கப் அறைக்குள்ளிருந்து ஆளைக் கூப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள், மணியா, போனா? போன் என்றால் கழற்றிவிடுங்கள். அதை நம்பி நான் உள்ளே இருக்க மாட்டேன்.