பெரிசு போனபின் சின்னது

ஜெயசித்ரா: மறுபடியும் கேக்கேன் அப்பா. தொட்டியில ரெண்டு மீன் இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் நிக்குது. எது செத்துச்சு?

காசிராஜன்: சின்னது. ஆம்பளை. சொன்னேம்லா.

ஜெயசித்ரா: அப்ப இது அம்மாவோட பெரிசு?

காசிராஜன்: பாத்தாத் தெரியலையாக்கும். இந்தத் தண்டி, கறுத்த செவப்பு...

ஜெயசித்ரா: பெரிசுக்கு வால்ல ஒரு கிழிசல் உண்டு.

காசிராஜன்: ஆறியிருக்கும்.

ஜெயசித்ரா: வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க. சரி, நாளைக்குச் சித்தீக் அண்ணன் கடையநல்லூர்ல இருந்து வாராரு. வித்தவரே தொட்டியை எடுத்துக்கிடுதேன்னுட்டாரு. நீங்க எங்கூட கோயம்புத்தூருக்கு...

காசிராஜன்: தொட்டியும் போகாது. நானும் வரல.

ஜெயசித்ரா: இது கடல் மீனு. சங்கரன்கோவில்ல எங்கன கடலு இருக்கு? வாரம் ரெண்டு பக்கெட் உப்புத் தண்ணி கலக்கணும். உங்களுக்குச் சோத்துக்கே உப்பு அளவு தெரியாது.

காசிராஜன்: இதுக்குத் தெரியும்.

ஜெயசித்ரா: பெரிசுதான் செத்துச்சுன்னு நீங்களே சொன்னதா சித்தீக் அண்ணன் சொல்லுதாரே...

காசிராஜன்: அந்த ஆளு வாயில... சரிட்டி. பெரிசுதான். இது சின்னது. வளந்துட்டு.

ஜெயசித்ரா: விரல் தண்டி இருந்தது, இப்படியா?

காசிராஜன்: இந்தக் கோமாளி மீன் ஜாதியில பொம்பளைதான் பெரிசு. அதிகாரமும் அவளுக்குத்தான். அவ இருக்க வரைக்கும் ஆம்பளை வளரவே வளராது. அவ போயிட்டா மளமளன்னு பெருக்கும், வயிறு உருளும், ஆரஞ்சு நெறம் கறுக்கும்... கடைசியில அதுவே பொம்பளையாயிரும்.

ஜெயசித்ரா: நீங்களும்தான். அம்மா போயி எட்டு மாசத்துல தொப்பை, பால்காரரோட சண்டை, எதுத்த வீட்டுக் கோலம் கோணலா இருக்குன்னு குறை. இனிச் சேலைதான் பாக்கி.

காசிராஜன்: பண்ணு, கேலி பண்ணு.

ஜெயசித்ரா: பின்ன என்ன? ஒரு மீனுக்காக மகளை வேண்டாங்கீங்க.

காசிராஜன்: மீனுக்காக இல்ல மக்கா. ஒங்கம்மா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில கெடந்தப்பதான் பெரிசு செத்துச்சு. பொம்பளை வார்டு, நீதான் கூட இருந்த. தெனமும் வீடியோவுல, எம் மீனைக் காட்டுங்கன்னா. நான் சின்னதைக் கண்ணாடி ஓரமா ஒதுக்கி, போனை ஒட்டி வச்சு, பெரிசாக் காட்டினேன். பதினோரு நாளு. ஏமாந்துக்கிட்டே போய்ச் சேந்துட்டா. அந்தப் பாவத்துக்கு இதையாவது... எப்படிட்டி விட்டுட்டு வருவேன்?

ஜெயசித்ரா: ஐயோ அப்பா... ஹஹ்ஹா!

காசிராஜன்: ஏன் சிரிக்க?

ஜெயசித்ரா: அம்மாவுக்கு மொத நாளே தெரியும் அப்பா. பெரிசுன்னா போனைக் கண்டதும் வந்து முட்டும், இது பம்முதேன்னா. அப்பாகிட்ட கேக்கட்டுமான்னேன். வாயை மூடுட்டின்னா. ‘முப்பது வருசத்துல உங்கப்பன் இப்பத்தான் எங்கிட்ட சேந்தாப்ல பத்து நிமிசம் பேசுதாரு. தெரியும்னு சொல்லிட்டா போனை வச்சிருவாரு.’