ஏழாவது சீட்டு

இசைத்தட்டை ஈரக்கையால் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஊசி அங்கே வரும்போதெல்லாம் கரகரக்கும். எங்கள் நிலையத்தில் யாருக்கும் இதை நான் இரண்டாம் முறை சொல்ல நேர்ந்ததில்லை. போலீஸ் கோமிசேர் ஐயா, நேற்று என் அலமாரிகளைச் சோதனை போட வந்த உங்கள் ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்களா என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மற்றதையெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுப்பராயலு. கரும்புப் பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து வில்லியனூரில் மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கிய வானொலி நிலையத்தில் நூலகன். நூலகம் என்றதும் புத்தகம் என்று நினைப்பார்கள். அது முன்பு நெல் கொட்டிவைத்த அறை. இப்போது அதில் எண்ணூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன. படித்து முடித்த செய்தித்தாள்கள், பழைய நாடகங்களின் கையெழுத்துப் படிகள், பத்திரிகைத் துண்டுகள், பிரெஞ்சுப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தமிழில் எழுதிவைத்த தாள்கள் எல்லாம் இருக்கின்றன. எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்ட நேரம் ஒரு மூலையில், கொடுத்த நேரம் இன்னொரு மூலையில். ஒரு நாள் நாயனக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளி நிகழ்ச்சிக்கு நடுவே உடைந்துவிட்டது. சீட்டு வந்த இரண்டாவது நிமிஷம் அதே ராகத்தில் ஒரு தட்டு இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நாயனக்காரர் மாறியதே தெரியவில்லை. நூலகம் என்றால் அதுதான்.

மூன்று வருஷத்தில் என்னிடம் வந்த சீட்டு ஒன்றுகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம், நிலையத்தின் ஆண்டுவிழாவுக்கு ஏழு நாள் தொடர் ஒன்று போட முடிவானது. தொட்டிலிலிருந்து சுடுகாடு வரை ஒரு குடியானவனின் வாழ்க்கையில் வரும் பாட்டுகள். நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் தங்கவேல் ஐயா ஏழு சீட்டு எழுதி என் மேசைமேல் வைத்தார். தாலாட்டு, நலங்கு, நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு என்று ஆறு சீட்டுகள் இருபது நாளில் முடிந்தன. நானும் இயந்திரக்காரன் கௌஸ் பாஷாவும் குரலைப் பதிந்து தட்டு வெட்டும் இயந்திரத்தையும் பேட்டரிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். ஏழாவது சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'ஒப்பாரி. கணவனை இழந்தவள் பாடுவது. அசல்.' அசல் என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தார். கோடு போட்டது நானல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றப்பாட்டு கரியமாணிக்கம் கிராமத்தில் கிடைத்தது. இருசப்பன் என்பவன் துலா மிதிப்பவன். கிணற்றுக்கு மேலே அந்த நீண்ட மரத்தில் முன்னும் பின்னுமாக நடப்பான். இவன் நடக்க நடக்கக் கீழே தண்ணீர் மொள்ளும் சால் இறங்கும், ஏறும். ஒவ்வொரு சாலுக்கும் அதன் எண்ணைச் சொல்லி ஓர் அடி பாட்டு. கணீரென்ற குரல். பாடி முடித்துக் கீழே இறங்கியவன் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என் கொரலு இதுக்குள்ள பூந்து குந்திக்கினு கீதா சாமி?"

"ஆமாம்."

"ஒரு தபா கேக்கலாமா?"

கூடாது என்றேன். அந்த மெழுகுத் தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேயும். நிலையத்து ஆள் அல்லாதவர்களுக்கு ஓட்டிக் காட்டுவது விதியில் இல்லை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தான். ஏற்றத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று எனக்குப் பொறுமையாகக் காட்டினான். தட்டோடு குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். துலா சுழலும் அச்சுக்கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டிக் காட்டி, "இது பூட்டா ஆளும் பூட்டான் சாமி" என்றான். ஆப்பு போனால் ஆளும் போனான் என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

அவன் மனைவி அம்சவள்ளி. சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்க மடுகரை வரைக்கும் அவளைக் கூப்பிடுவார்கள் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு சீட்டு. ஆனால் அவள் மறுத்துவிட்டாள்.

"பொணம் இல்லாத வூட்ல ஒப்பாரி வெக்கக் கூடாது சாமி. ஆவாது. ஆரு பூட்டாங்கன்னு நான் அழறது?"

"சும்மா பாடினால் போதும்."

"சும்மா வராது. அதோட, புருசன் செத்தவ பாடறதுதான வோணும்னு சொல்றீங்க? என் புருசன் தோ குந்திக்கினு கீறாரு, கஞ்சி குடிச்சிக்கினு."

இருசப்பன் கஞ்சிக் கலயத்திலிருந்து தலையைத் தூக்கி, "நான் பூட்டா நல்லா பாடுவா சாமி, அப்போ வாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கௌஸ் பாஷாவும் சிரித்தான். நான் ஒரு வேலையின் முதல் படி முடிந்ததாக நினைத்தேன்.

இரண்டு வாரம் வேறு வழிகளில் முயன்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான விதவைகள் ஒன்பது பேரைப் பார்த்தேன். அவர்களுக்குத் துக்கம் பழசாகிவிட்டது, குரலும் இல்லை. ஒரு நாடகக்காரி பாடிக் காட்டினாள். கண்ணீரும் விட்டாள். ஆனால் அசல் இல்லை.

ஆண்டுவிழாவுக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது தங்கவேல் ஐயா என் அறைக்கு வந்தார்.

"இன்னா சுப்பராயலு, அந்த ஒப்பாரி கெடைக்கலையா? வுடுங்க. கடைசி நாளைக்கு நாயனம் போட்டுக்கலாம். நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி எதுக்குன்னு வூட்லயும் சொல்றாங்க."

பெரிய மனுஷர். அதனால் அப்படிச் சொன்னார். ஆனால் வாயால்தான் சொன்னார். சீட்டு ரத்து ஆக வேண்டுமானால் அதன்மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

அந்தப் புதன்கிழமை தனியாகக் கரியமாணிக்கம் போனேன். உச்சி வெயில். கொல்லையில் ஆள் இல்லை, எல்லோரும் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். ஏற்றக்காலில் ஏறி அந்த ஆப்பை முக்கால்வாசி வெளியே இழுத்தேன். நான் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. இருசப்பன் தன் வேலையைக் கவனமாகச் செய்கிறவன். இடைவெளி தெரியாமல் களிமண் வைத்துப் பூசினேன். வாய்க்காலில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வெயில் தாழ்வதற்குள் வில்லியனூர் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவன் துலாவில் ஏறியிருக்கிறான். நாற்பது சால் வரைக்கும் பாடிக்கொண்டிருந்தானாம். நாற்பத்தொன்று என்று சொல்லவில்லையாம். சால் பிடித்துக்கொண்டிருந்தவன் சொன்னது இது. ஆப்பு கழன்று துலா சரிந்ததில் கிணற்றின் கல்விளிம்பில் தலை பட்டிருக்கிறது. அதிக நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். விபத்து என்றே எல்லோரும் சொன்னார்கள். அதில் ஒரு பகுதி உண்மைதான். எந்தச் சாலில் விழுவான் என்பது எனக்கும் தெரியாது.

கரும்பு வண்டிக்காரர் மூலமாகச் செய்தி எங்களுக்கு வந்தபோது மணி பதினொன்று. வண்டி தயாராக இருந்தது. கௌஸ் பாஷா என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"காலையிலேயே பேட்டரிய ஏத்தி வெக்கச் சொன்னீங்களே அண்ணே, எதுக்கு?"

தயாராக இருப்பதுதான் நூலகன் வேலை என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

சாவு வீட்டில் எங்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். இருசப்பனே வரச் சொல்லியிருந்தான் என்று நினைவுபடுத்தினேன். அது பொய்யில்லை. இயந்திரத்தை வேப்ப மரத்தடியில் வைத்து, பந்தக்காலில் ஒலிவாங்கியைக் கட்டினோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். அவர்கள் யாருடைய குரலும் சொல்லும்படியாக இல்லை. நடுவில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். அவன் காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல். ஒரு தட்டு ஓடி முடிந்தது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதையும் ஓட விட்டேன். மூன்றிலும் மற்றவர்களின் அழுகையும் காக்காய்ச் சத்தமும்தான்.

பிணத்தை எடுக்கும் முன் குனிந்து மரியாதையாகக் கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பாட்டு வரல சாமி. ஊருக்கெல்லாம் பாடன. இவருக்கு வரல."

கருமாதியன்றும் போனேன். அன்றும் அவள் பாடவில்லை. ஆனால் அன்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அவரு கொரலு ஒங்ககிட்ட கீதாமே. ஒரே ஒரு தபா போட்டுக் காட்டு சாமி. பாக்கறதுக்குத்தான் இல்ல, கேக்கவாவது கேக்கறேன்."

விதியை அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னேன். வண்டியில் வரும்போது கௌஸ் பாஷா முதல்முறையாக என்மேல் கோபப்பட்டான். "அத்த போட்டுக் காட்டினா அந்தம்மா தன்னால பாடியிருக்கும் அண்ணே. ஒரு தட்டு தேஞ்சா இன்னா குடியா முழுகிடும்?" என்றான். தட்டுகளைப் பற்றி அப்படிப் பேசுகிறவனிடம் என்ன சொல்வது?

ஆண்டுவிழா நடந்தது. ஏழாம் நாள் நாயனம் போட்டார்கள். ஒப்பாரி இல்லையே என்று ஒருவர்கூடக் கடிதம் எழுதவில்லை. தொடர் பிரமாதம் என்று முப்பத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஏழாவது சீட்டு என் மேசைமேல் அப்படியே இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. தினமும் காலையில் அறையைத் திறக்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு ஊர் பெண்களைக் கேட்டதில் ஒன்று தெரிந்திருந்தது. புருஷன் சாவில் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். பிள்ளை சாவில் யாருக்கும் அடைப்பதில்லை. அம்சவள்ளிக்கு ஒரே மகள், சின்னபொண்ணு, ஒன்பது வயது. ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பாள். ஒருநாள் நிலையத்துக்கு வந்து பாடும்படி அம்சவள்ளியைக் கேட்டபோது, "கொயந்த ஏரிப் பக்கமே நிக்கும் சாமி, நீந்தத் தெரியாது, வுட்டுட்டு எப்படி வர்றது" என்று அவளே சொல்லியிருந்தாள்.

சீட்டில் 'கணவனை இழந்தவள்' என்றுதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அம்சவள்ளி இப்போது கணவனை இழந்தவள். அவள் யாருக்காகப் பாடினாலும் அது கணவனை இழந்தவள் பாடியதுதான். சீட்டுக்குப் பொருந்துகிறது.

ஒரு தட்டு வரப்போகிறது என்றால் அதற்கான விவர அட்டையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். தட்டு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் அவசரத்தில் பிழை வரும். அப்படித்தான் அந்த அட்டையையும் எழுதிப் பெட்டியில் வைத்தேன். 'ஒப்பாரி. மகள் இறந்ததற்குத் தாய் பாடியது. பாடியவர்: அம்சவள்ளி, கரியமாணிக்கம்.'

திங்கட்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தபோது வேறு ஏதோ தேடி கௌஸ் பாஷா அட்டைகள் வைக்கும் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான். அட்டையைப் படித்தவன், அந்தப் பிள்ளையும் போய்விட்டது என்றே நினைத்துப் பதறியிருக்கிறான். இருசப்பனின் தட்டையும் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கரியமாணிக்கம் போயிருக்கிறான். அந்தம்மா கேட்டதையாவது கொடுப்போம் என்று நினைத்தானாம். போய்ப் பார்த்தால் சின்னபொண்ணு வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கேயே அவனுக்குப் பேட்டரியும் நினைவுக்கு வந்திருக்கிறது, ஆப்பும் நினைவுக்கு வந்திருக்கிறது. நேராக உங்களிடம் வந்துவிட்டான். அவன் சொன்னதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. இருசப்பனைக் கொன்றது நான்தான். ஏரிக்கரைக்கு இந்த வெள்ளிக்கிழமை போவதாக இருந்தேன். ஆனால் அட்டையில் தேதிக்கான இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். என்னைக் கொடியவன் என்று எழுதுவதற்கு முன் அதையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அந்தப் பிள்ளையை அவசரப்படுத்தவில்லை.

எனக்கும் ஒரு புகார் இருக்கிறது. உங்களிடம் வருவதற்கு முன் கௌஸ் பாஷா அந்தத் தட்டை அம்சவள்ளிக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறான். நிலையத்து ஆள் அல்லாதவளுக்கு, சீட்டு இல்லாமல், மூன்று முறை. இருசப்பன் குரல் வந்ததும் அவள் எழுந்து நின்றாளாம். மூன்றாம் முறை ஓடி முடியும்போது பாட ஆரம்பித்தாளாம். ஒரு மணி நேரம் பாடினாள், தெருவே வந்து நின்று அழுதது, அப்படி ஓர் ஒப்பாரியை ஆயுசில் கேட்டதில்லை என்று உங்கள் முன்னாலேயே சொன்னான். நீங்களும் கேட்டீர்கள்.

தட்டு வெட்டும் இயந்திரத்தை அவன் எடுத்துப் போகவில்லை ஐயா. அந்தப் பாட்டு இனி எந்த அலமாரியிலும் இல்லை. இந்த விவகாரத்தில் திரும்பக் கிடைக்காமல் போனது அது ஒன்றுதான். அதற்கு யார் பொறுப்பு என்பதை நீங்கள் அவனைத்தான் விசாரிக்க வேண்டும்.