வெயிலில் நிறம் மாறிய நாற்பது பனியன்கள்

பஞ்சு நூலால் உலகத்துக்கே உடுத்திவிட்டு, படிக்கும் நூலால் எங்களுக்கு உடுத்தப் பார்க்கும் இந்த ஊரில், அறிவியல் மன்ற விழாவுக்குத் தலைமை ஏற்றுத் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பனியன் நிறுவன உரிமையாளர் ஐயா மணியன் அவர்களே! காலடி ஓசையிலேயே கடைசி வகுப்பு வரை கப்சிப் ஆக்கும் தலைமையாசிரியர் ஐயா மகுடேஸ்வரன் அவர்களே! "ஐந்தே நிமிடம், அதற்கு மேல் மணி அடிப்பேன்" என்று ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, மணியைத் தன்னிடம் வைத்துக்கொண்ட எங்கள் இயற்பியல் ஆசிரியை சித்ரகலா அவர்களே! வாரத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு, அந்த ஞாயிற்றையும் எங்களுக்காகத் தானம் செய்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தேநீர் எந்தக் கதவு வழியாக வரும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் தந்தைமார்களே! நான் பேசத் தொடங்கும் முன்பே கொட்டாவி விட்டு ஒத்திகை பார்க்கும் என் ஆருயிர்த் தோழன் தரணீதரனே! உங்கள் எல்லோரின் முன்னும், பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு அருண்பாண்டி கைகூப்பி நிற்கிறேன்.

கை தட்டலாம். தட்டாவிட்டாலும் பேசத்தான் போகிறேன். தட்டினால் கொஞ்சம் நன்றாகப் பேசுவேன். நன்றி, நன்றி!

"பள்ளியிலும் அன்றாட வாழ்விலும் நான் கற்ற அறிவியல்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அறிவியல் என்றால் என்ன, அவையோரே? ஐந்து மதிப்பெண் வினாவா? அச்சடித்த விடையா? ஆய்வகத்தில் உடைந்த குடுவையா? அதை நான் உடைக்கவில்லை மிஸ், அது வழுக்கியது. என்னைப் பொறுத்தவரை, போன மாதம் வரைக்கும் அறிவியல் என்பது குறும்புக்கான கருவி, அவ்வளவுதான்.

மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று பாடம் சொன்னது. படித்தவன் சும்மா இருப்பானா? தரணீதரனின் கைக்குட்டையில் மஞ்சள்தூளைத் தடவி அனுப்பினேன். வீட்டில் அவன் அம்மா சோப்புப் போட்டார். கைக்குட்டை செக்கச் செவேல். "அய்யோ சாமீ, உன்ற மூக்குல ரத்தம் வந்துச்சாடா கண்ணு?" என்று தெருவே கூடிவிட்டது. அதோ, அந்த அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை!

ஆகவே, இந்தப் பள்ளியில் எது நிறம் மாறினாலும் அது அருண்பாண்டியின் கைவரிசை என்பது ஊரறிந்த உண்மை. இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது வேடிக்கை இல்லை.

போன மாதம் நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. மன்றத்து மாணவர் நாற்பது பேருக்கும் பனியன் தருவதாக மணியன் ஐயா மனமுவந்து சொன்னார்கள். பாசிப்பச்சை நிறம். அவர்களுடைய கம்பெனியிலேயே வெட்டி, தைத்து, என் அம்மா விஜயராணி செக்கிங் மேசையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பையில் போட்டார்கள். பதினோரு வருடமாக அந்த மேசையில் அம்மாதான். ஒரு தையல் தவறியிருந்தால், ஊசிமுனை அளவு எண்ணெய்க்கறை இருந்தால், துணி பேசுவதற்கு முன்னால் அம்மாவின் கண் பேசிவிடும். அன்றைக்கு மூட்டையைப் பள்ளிக்குத் தூக்கி வந்தவன் நான்.

வகுப்பறைக்குள் விளக்கின் கீழே எல்லோரும் போட்டுக்கொண்டோம். பள்ளி மாறிப் போன ஒரு மாணவி தவிர, முப்பத்தொன்பது பேரும் பச்சைக்கிளிகள். வரிசையாக மைதானத்துக்கு இறங்கினோம். வெயில் பட்டது. பட்டதும் என்ன ஆனது? உடம்பு பச்சை, கை பழுப்பு! அத்தனை பனியனிலும் உடம்புக்கும் கைக்கும் உறவு முறிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏனுங்க அண்ணா, கிளிக்குக் குருவிக் கை மொளச்சிருச்சுங்களா?" என்று ஒரு பொடியன் மரியாதையாகக் கேட்டான்.

அப்போது தரணீதரன் என் பக்கம் திரும்பினான். "டேய் அருணு, உன்ற வேலையாடா?"

அவையோரே, ஒரே ஒரு சொல். "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை முகங்களும் என்னையே பார்க்கின்றன. அத்தனை முகங்களிலும் வியப்பு. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னேன்: "ஆமாடா, பின்ன? நம்ம சயின்ஸ்டா!"

பொய்! பச்சைப் பொய். அந்தப் பனியனில் இருந்த பச்சையைவிடப் பச்சையான பொய். எப்படி மாறியது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கைதட்டல் கிடைத்தது, தோளில் தூக்கினார்கள், நான் ஒரு பத்து நிமிடம் விஞ்ஞானியாக வாழ்ந்தேன்.

மணியன் ஐயாவின் மகள் கீர்த்தனா எங்கள் வகுப்பு. அவள் நடந்ததை அப்படியே வீட்டில் சொன்னாள். அவள் மீது பிழையில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கெல்லாம் அம்மா வீட்டில் இருந்தார். ஆறரைக்கு வருகிறவர் நாலு மணிக்கு வந்தால் என்ன அர்த்தம்? கம்பெனியில் சொன்னார்களாம்: "ஏனுங்கம்மா, மேசையில ஒண்ணா இருந்த துணி மைதானத்துல ரெண்டா இருக்குதுங்க. நடுவுல தொட்டது உங்க பையன். அவனே ஒத்துக்கிட்டான். பையன விட்டுப் பீசக் கெடுத்துட்டீங்களே! நாளைக்கு வர வேண்டாங்க." எங்கள் ஊர் மரியாதையைப் பாருங்கள், வேலையை விட்டு நிறுத்தும்போதும் "ங்க" விட்டுப்போகாது!

அம்மா டிபன் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நீ செஞ்சியாடா?"

"இல்லம்மா."

"பெறகு எதுக்குடா செஞ்சேன்னு சொன்ன?"

"சும்மாம்மா... ஒரு கெத்துக்கு."

"அந்தக் கெத்தப் போட்டு ஒல வையி."

அவ்வளவுதான் பேசினார். அதன் பிறகு மூன்று வாரம். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை இல்லாமல் இல்லை. ஆனால் போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "அங்க ஏன் நின்னீங்க?" பதினோரு வருடம் பழுதைக் கண்டுபிடித்த கைக்கு, பழுதாக்கிய கை என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். வேலை போனதற்குக்கூட அம்மா அழவில்லை. அந்தப் பெயருக்கு அழுதார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். நம்பினார்களா? தரணீதரனிடம் சொன்னேன். "போடா, மாட்டிக்கிட்டதும் மாத்திப் பேசறியா?" என்றான். கம்பெனி வாசலில் காவலர் அண்ணன், "மொதலாளி மீட்டிங்ல இருக்கறாருங்க தம்பி" என்றார். மூன்று நாளும் அதே மீட்டிங். உலகத்தில் எல்லோரும் தன்னை உண்மையானவன் என்று நிரூபிக்கத்தான் சாட்சி தேடுவார்கள். தன்னைப் பொய்யன் என்று நிரூபிக்கச் சாட்சி தேடி அலைந்தவன் இந்த அருண்பாண்டி ஒருவன்தான்!

யாரும் நம்பாதபோது என்ன செய்வது? அழுவதா? அடம்பிடிப்பதா? அப்போதுதான் முதல் முறையாக, மதிப்பெண்ணுக்காக இல்லாமல், அறிவியலின் கதவைத் தட்டினேன். மற்றவர்கள் சுருட்டி மூலையில் போட்டுவிட்ட பனியனை நான் இரவில் வீட்டு விளக்கின் கீழே பிரித்தேன், கை மறுபடியும் பச்சை! அப்படியானால் பழுப்பாக்கியது எது? வெயிலின் சூடு காரணமா? என் பனியனை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுப் பார்த்தேன், மாறவில்லை. வியர்வை காரணமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன்; மாறவில்லை. சோப்பா? எலுமிச்சையா? மாறவில்லை, மாறவில்லை! அம்மா பார்த்துவிட்டு, "பனியன ஊறுகா போடுறியாடா?" என்றார். அந்த மாலைக்குப் பிறகு மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

போன செவ்வாய்க்கிழமை, வேதியியல் வகுப்பு. பனியன் என் மேசைமேல் கிடந்தது. முழுக்கப் பச்சை. மின்சாரம் போனது. வகுப்பே "ஓ"வென்று ஆர்ப்பரித்தது. குனிந்து பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தில், கை பழுப்பு! மின்சாரம் வந்தது. கை பச்சை! அந்த நொடியில் நான் போட்ட கூச்சலுக்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். வெளியே நின்றதும் நல்லதாயிற்று. அங்கே வெயில் இருந்தது!

"ஒரு பொருளின் நிறம் என்பது அது எதிரொளிக்கும் ஒளியைப் பொறுத்தது." இந்த வாக்கியத்தைத் தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவன் நான். வாங்கினேனே தவிர, நம்பினேனா? விளக்கும் வெள்ளை வெளிச்சம், வெயிலும் வெள்ளை வெளிச்சம். ஆனால் வெயில் வள்ளல். எல்லா நிறத்தையும் அள்ளித் தரும். இந்த விளக்கோ கஞ்சன். சிவப்பைக் கிள்ளித் தரும். அம்மாவிடம் கேட்டபோது சொன்னார்: உடம்புத் துணி ஒரு சாயப்பட்டறையில் தோய்ந்தது, அது பத்தாமல் போகவே, கைத்துணி வேறொரு பட்டறையிலிருந்து வந்தது. இரண்டும் பச்சைதான், ஆனால் உள்ளே கலந்த சாயங்கள் வேறு. கஞ்ச வெளிச்சத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வெயில் சிவப்பை அள்ளி வீசியதும், உடம்புத் துணி அதை விழுங்கிவிட்டது. கைத்துணி திருப்பித் தந்துவிட்டது. அதுதான் பழுப்பு!

அப்படியானால் கம்பெனியில் ஏன் தெரியவில்லை? ஏற்றுமதிப் பனியன் என்றால், லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அம்மா அன்றைக்கும் அந்தப் பெட்டியைத்தான் தேடிப் போனாராம். "நம்ம ஸ்கூல் பீசுதானுங்க, மேசையிலயே பாத்து விட்டுருங்க" என்று சொல்லப்பட்டதாம். மேசைக்கு மேலே, நம் பள்ளியில் இருக்கும் அதே வகைக் கஞ்ச விளக்கு, புதிதாக மாட்டியது. கடல் கடந்து போகும் பனியனுக்கு மூன்று வெளிச்சம். நம் பிள்ளைகள் போடும் பனியனுக்கு ஒரே வெளிச்சமா? இதைச் சொன்னவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். ஏன் எல்லோரும் மேடையைப் பார்க்கிறீர்கள்?

மிஸ், மணியைத் தொடாதீர்கள். இன்னும் இரண்டே நிமிடம். தலைமையாசிரியர் ஐயா தலையசைத்துவிட்டார்கள்!

பெரியோரே, நான் சொல்வதை நம்பாதீர்கள். நம்பச் சொல்லும் தகுதியை நானே தொலைத்துவிட்டேன். கண்ணால் பாருங்கள். நாற்பதில் ஒரு பனியன், பள்ளி மாறிப் போன மாணவியுடையது, தலைமையாசிரியர் ஐயாவின் அலமாரியில் பை பிரிக்கப்படாமல் இருந்தது. இதோ மேசைமேல். அதை நான் தொடமாட்டேன். என் கை பட்டால் அதுவே அடுத்த குற்றச்சாட்டு! மணியன் ஐயா, உங்கள் கையாலேயே பிரியுங்கள். பிரித்துவிட்டார்கள். என்ன நிறம்? சத்தமாகச் சொல்லுங்கள். பச்சை! கையும்? பச்சை! சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. இங்கே விளக்கின் ஆட்சி. தரணீதரா, கொட்டாவியை நிறுத்திவிட்டு அந்தத் தெற்குக் கதவைத் திற. ஐயா, அதை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

போகிறார்கள். நிற்கிறார்கள். பனியனைத் திருப்பிப் பார்க்கிறார்கள். வாசலருகே இருக்கும் தாய்மார்களே, என்ன நிறம்? "கை பழுப்புங்கோ!" கேட்டதா? ஐயா, இப்போது உள்ளே வாருங்கள். பழுப்பு எங்கே? காணோம்! நான் எதையாவது கலந்து கெடுத்திருந்தால், கெட்ட துணி நிழலுக்கு வந்ததும் திருந்துமா? மறுபடியும் வெளியே போகிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே போகிறார்கள். நான்கு முறை ஆயிற்று, ஐந்து முறை ஆயிற்று. தோழர்களே, இதுதான் அறிவியல்! ஆள் பெரியவனா சிறியவனா என்று அது பார்க்காது. நல்ல பெயர் வாங்கியவனா, கெட்ட பெயர் வாங்கியவனா என்று கேட்காது. முதலாளி நடந்தாலும் பழுப்பு, தொழிலாளி நடந்தாலும் பழுப்பு! நான் பொய் சொல்லிக் கெடுத்ததை, பொய்யே சொல்லத் தெரியாத வெயில் வந்து சரிசெய்கிறது.

அம்மா, எட்டாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: அன்றைக்கு நான் "ஆமா" என்று சொன்னது பொய். உங்கள் கண் தவறவில்லை. உங்கள் கை கெடுக்கவில்லை. கெடுத்தது என் வாய். என்னை மன்னித்துவிடுங்கள்.

மணியன் ஐயா வாசலில் நின்றே ஏதோ சொல்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்: "ஏனுங்க விஜயராணியம்மா, பெட்டியில வெக்க வேண்டாம்னு சொன்னது நானுங்க. தப்பு என்ற மேலதானுங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

கைதட்டுங்கள்! பொறுங்கள், பொறுங்கள். அம்மா எழுந்துவிட்டார். அவர் சொல்வதையும் அப்படியே சொல்கிறேன்: "வாரேங்கய்யா. ஆனா மொதல்ல மேச மேல இருக்கிற அந்த லைட்ட மாத்துங்க. அதுக்குக் கீழ ஒக்காந்து இனி ஒரு பீசு பாக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பீசுன்னாலும் பொட்டிக்குள்ள வச்சுத்தேன் பாப்பேன்."

ஐயா பனியனைப் பார்க்கிறார்கள். அம்மாவைப் பார்க்கிறார்கள். "சரிங்க" என்கிறார்கள். "நாளைக்குக் காலைல மொத வேலையே அதுதானுங்க."

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? இப்போதுதான் மணியடித்த ஆசிரியைக்கும், அது வரை அடிக்காமல் இருந்த அவர் மனத்துக்கும் நன்றி. வெயிலில் ஐந்து முறை நடந்த தலைவருக்கு நன்றி. அம்மா இன்னும் ஒன்று சொல்கிறார்: "போதும், கீழ எறங்குடா." அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. இறங்குகிறேன், எல்லோருக்கும் என் வணக்கம்!