தரையில் உரசிய கதவு

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூட. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

என் பெயர் கிருபாராணி. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஆறு லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நாலாம் நம்பரில் கல்லாவி ஊர்க்காரன் கோவிந்தனும் அவன் பெண்சாதி சரிதாவும். கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியதிலிருந்து வாடகை வரவில்லை. அட்வான்ஸும் அதிலேயே கரைந்துவிட்டது. காலி செய்யச் சொன்னேன். பொங்கலுக்குள் வேலைக்குக் கூப்பிடுவார்கள், பச்சைக் குழந்தையோடு எங்கே போவோம் என்றார்கள். குழந்தைக்கு இருபது நாள்தான். நானே போய்ப் பார்த்து, கையில் நூறு ரூபாய் வைத்துவிட்டு வந்தவள்.

நான் கரண்டைப் பிடுங்கவில்லை, தண்ணீரை நிறுத்தவில்லை. அதெல்லாம் ஈவு இரக்கமில்லாதவர்கள் செய்வது. வாசற்கதவு தரையில் உரசுகிறது, ஆசாரியிடம் இழைத்து வாங்கித் தருகிறேன் என்றேன். கோவிந்தனே சந்தோஷமாகக் கழற்றி, தலையில் சுமந்து என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். டிசம்பர் மாதம், ஓசூர்ப் பனி உங்களுக்குத் தெரியாததா. இரண்டு நாள் குளிர்ந்தால் தானாக ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வாசலில் ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

கேட்கும்போதெல்லாம் ஆசாரி இழுத்தடிக்கிறார் என்றேன். கதவு என் ஹாலில்தான் கிடந்தது, இரண்டு ஸ்டூல் மேல். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கலகலா பலகாரத்தை ஆறவைக்க அவ்வளவு அகலமாக வேறு பலகை கிடைக்குமா. முதல் தட்டைச் சரிதாவுக்குத்தான் கொடுத்தேன்.

மறுநாள் தட்டைத் திருப்பித் தர வந்தாள். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று கொஞ்சம் சர்க்கரை வைத்திருந்தாள். அப்போது கதவைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை.

“அக்கா, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. இன்னிக்கு ஒரு ராத்திரிக்காவது மாட்டிக் குடுங்கக்கா.”

“இன்னும் ரெண்டு ஈடு சுடணும் சரிதா. நாளைக்குப் பாக்கலாம்.”

அடுத்த நாள் விடிகாலை கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கிளம்பும்போது சரிதாவின் அழுகைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். குழந்தை விறைத்திருந்தது.

ஆமாம் சார், குளிர் தாங்காது என்று தெரிந்தேதான் கதவைக் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்து வந்ததும் முதல் வேலையாக மாட்டிவிட்டேன், அதையும் எழுதுங்கள்.

ஆனால் சரிதாவே என் மேல் புகார் கொடுத்தாள் என்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்ப மாட்டேன். மனசில் வஞ்சம் இருக்கிறவள் தட்டில் சர்க்கரை வைத்துக் கொடுப்பாளா?