குரோருட்டுக்குப் போன மண்டையோடு

மாலை 4.12 மணி. நொர்வேயில், குரோருட் போகும் நிலத்தடி ரயிலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மண்டையோடு. பச்சைக் குளிரங்கி அணிந்த பெண்ணின் மடியில் பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் பிரதி இருந்தது. அதில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் அணைந்த மெழுகுதிரியும் பாதி தோலுரித்த எலுமிச்சையும்.

அருங்காட்சியகச் சீருடையில் இருந்த தோழி கேட்டாள்: "உதையோ வீட்டை கொண்டு போறாய்? மாமி கண்டா உன்னையும் சேத்து வெளியிலை விடுவா."

"தேசிக்காய் வெட்டிக் கிடக்கு, கண்ணூறு நாவூறு கழிச்சதெண்டு சொல்லுவன்."

"விசர்க் கதை. நான் நாள் முழுக்க உப்பிடிப் படங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறனான். தேசிக்காய் பாக்க வடிவு, வாயிலை வைச்சாப் புளிப்பு. வாழ்க்கையும் அப்பிடியாம். திரி அணைஞ்சா ஆள் முடிஞ்சுதாம். மண்டையோடு உனக்கே விளங்கும்."

"ஓமடி, தெரியும். எங்கடை மேல்வீட்டிலை இருந்த நொர்வேக்காரி சொன்னவ. இப்ப வயோதிபர் இல்லத்திலை. அங்கை போய்த்தான் வாங்கிக்கொண்டு வாறன்."

"தர வேறை ஒண்டும் இல்லையாமோ?"

"நான்தான் இதைக் கேட்டனான். எனக்கு ஒப்பரேசன் எண்டோடனை எங்கடை சனம் எல்லாம் 'ஒண்டும் வராது' எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்தினவை. அவ மட்டும் உந்தப் படத்துக்குக் கீழை என்னை இருத்தி, 'சாகப் பயமோ' எண்டு கேட்டவ. ஓம் எண்டு அழுதனான். அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது."

தோழி படத்தைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"எங்கை கொழுவப் போறாய்?"

"சாப்பாட்டு மேசைக்கு மேலை."

"மாமி?"

"மாமியையும் இதுக்குக் கீழை இருத்தி அதையே கேக்கப் போறன்."

குரோருட்டில் இருவரும் இறங்கினார்கள். படத்தின் ஒரு முனையைத் தோழி பிடித்திருந்தாள்.