கலக்கி வடித்த சேறு

மண் பார்க்க வந்த அம்மாவுக்குப் படகில் உட்காரத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுந்து நின்று, விழப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏரியின் அடியைப் பற்றி வருடக்கணக்கில் படித்தவராம். மேலே உட்காரப் படிக்கவில்லை.

நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். நீளக் குழாயை இறக்கி அடிச் சேற்றை எடுப்பார், வாளியில் கொட்டுவார், மேலே ஒரு சீட்டு ஒட்டுவார். என் வேலை துடுப்புப் போடுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும். அவருக்கு அந்த இரண்டாவது வேலை வரவில்லை.

"ஐயா, எதிர்க்கரையில முலாம் பூசுற பட்டறை இருந்துச்சில்ல, அதோட கழிவெல்லாம் இங்கதான் படிஞ்சிருக்கும். முக்கியமா ஈயம். அது மணல்ல ஒட்டாது. மாவு மாதிரி நைசா களிமண்ணு இருக்கே, அதுலதான் அட்டை மாதிரி ஒட்டிக்கும்."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. யாரைக் கடிக்குது?"

"மண்ணுல இருந்து புழுவுக்கு, புழுவுல இருந்து மீனுக்கு, அப்புறம் நமக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ரொம்ப ஆகாது. மூளையைக் கெடுத்திடும்."

"நான் மூணு வேளையும் மீன் தின்னு வளர்ந்த உடம்பும்மா. வலைக்குக் கட்டுற ஈயக் குண்டைப் பல்லாலதான் கடிச்சு நசுக்குறேன். என் மூளைக்கு என்ன வந்துச்சு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த வாளிக்குச் சீட்டு ஒட்டினார். படித்தவர்களுக்கு மரியாதை தெரியும்.

"சரி, ஈயம் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மீன் பிடிக்கத் தடை போடுவாங்க. ஏரியைச் சுத்தம் பண்ற வரைக்கும்."

சுத்தம் செய்கிற வரைக்கும். எங்கள் தெருச் சாக்கடையை அடைப்பெடுக்கிறோம் என்று சொல்லிப் போனவர்களே இன்னும் வரவில்லை; இவர்கள் ஏரியின் அடியைக் கழுவுவார்களாம். அதுவரை நானும் தம்பியும் படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாளிகளை என் படகுக் கொட்டகையில் விட்டுப் போனார். சேறு படிந்து மேல் தண்ணீர் தெளிந்த பிறகு, அந்தத் தண்ணீரை மட்டும் வடித்துவிடச் சொன்னார். ஆட்டாமல், பொறுமையாக. நான் ஆட்டினேன். கட்டையை விட்டு நன்றாகக் கலக்கி, கலங்கல் அடங்குவதற்குள் சாய்த்தேன். அரிசி களைவது போலத்தான். களையக் களைய மாவெல்லாம் போய் மணல் தங்கியது. குறைந்த அளவுக்கு, ஓடை வந்து விழும் இடத்து மணலை அள்ளிப் போட்டு மூடினேன். இதில் பொய் ஒன்றுமில்லை. வடிக்கச் சொன்னார், வடித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் வாளியைத் திறந்தது வேறு யாரோ. ஏரியில் சேற்றை எடுத்த அம்மா முடிவை மட்டும் பார்த்தார். முடிவு சொன்னவர் ஏரியையே பார்த்ததில்லை. ஏரி சுத்தம் என்று எழுதிவிட்டார்கள். அறிக்கையின் கடைசியில், ஒத்துழைத்த படகோட்டிக்கு நன்றி என்று அச்சடித்திருந்தார்களாம். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அச்சில் நன்றி சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் தம்பியின் மருமகள் எங்கள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பெரிய மாமா, பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரல. எந்நேரமும் வயித்தைப் பிடிச்சுட்டு அழுவுறா. மீனைப் பத்தி அந்தம்மா ஏதோ சொன்னாங்களாமே, கொடுக்கலாமா?"

"ஏரி சுத்தம்னு அவங்களே எழுதிட்டாங்க. தாராளமா கொடு. பேச்சு வர்றப்ப வரும். உன் புருஷன் வாயைத் தொறந்ததே அஞ்சு வயசுல. இன்னும் உருப்படியா ஒண்ணும் பேசல."

சிரித்துக்கொண்டே போனாள். அன்று விழுந்ததில் பெரிய மீனாகப் பார்த்து நானே கொடுத்தனுப்பினேன். அதன் பிறகும் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் குறை வைப்பதில்லை.

இப்போது பாப்பாவின் இரத்தத்தில் ஈயம் என்கிறார்கள். உடம்பில் இருப்பதை இறக்கிவிடலாமாம். மூளையில் கெட்டது கெட்டதுதானாம். இனிப் பேச்சு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தம்பி என்னோடு படகேறுவதில்லை.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். கலக்கியது நான், வடித்தது நான், மீன் கொடுத்தது நான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஈயக் கதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

அந்த அம்மா வந்து போனதிலிருந்து நான் மீனைத் தொடுவதில்லை என்று தம்பி சொல்லியிருப்பான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானால் நாக்கு மாறும்.