துடைத்தாலும் போகாத கறை

மனைவி: ஈரத்துணி, சோப்பு, எலுமிச்சை... எல்லாம் போட்டுத் தேச்சாச்சு. போக மாட்டேங்குதுங்க.

கணவன்: எது?

மனைவி: ஹால் சுவர்ல இருக்கற கறை. மேல சிவப்பா, கீழ நீலமா...

கணவன்: எனக்கொண்ணும் தெரிய... ஓ, அதுவா.

மனைவி: "ஓ, அதுவா"ன்னா? முன்னாடியே பார்த்திருக்கீங்களா?

கணவன்: நான் எங்க பார்த்தேன். சுவர் ஊறியிருக்கும்.

மனைவி: ஊறின கறை மத்தியானம் எங்க போகுது? சாப்பிட உட்காரும்போது பார்த்தா காணோம். மறுநாள் காலையில வேலைக்கு வர்ற மாதிரி வந்து நிக்குது.

கணவன்: அந்தச் சுவர் எத்தனை நாளா வெள்ளையாக் கிடக்கு. கறையாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படு.

மனைவி: குத்திக் காட்டறீங்க.

கணவன்: இல்லம்மா. பீரோவுல மீன் வரைஞ்சே. சல்லடையைக் கவுத்து விளக்குக்கு மூடி பண்ணே. பொண்ணு நாற்காலிக் காலுக்கெல்லாம் காலுறை வரைஞ்சா. நான் பழைய கதவை அறுத்து மேசை பண்ணேன். இந்த ஒரு சுவர் மட்டும்...

மனைவி: தோணலைங்க, என்ன பண்ணச் சொல்றீங்க. எதை நினைச்சாலும் ஏற்கெனவே வீட்டுல இருக்கறது மாதிரியே வருது. பீரோ மீனுக்குத் தம்பி, ஜன்னல் பூவுக்குத் தங்கச்சி... பென்சிலை எடுத்தாலே கை மரத்துப் போகுது.

கணவன்: இன்னிக்கு அக்கா வர்றா.

மனைவி: தெரியும்.

கணவன்: அருவியோட.

மனைவி: தெரியும்ங்க. அருவிப் படம். சுவிட்சைப் போட்டா பின்னாடி பல்பு எரியும், தண்ணி ஓடற மாதிரி இருக்கும், குருவி கத்தும். சுவர் காலியா இருந்தா அது அங்கதான் தொங்கப் போகுது. அண்ணிகிட்ட வேண்டாம்னு நீங்க சொல்வீங்களா?

கணவன்: நான்... ஆணி வாங்கிட்டு வந்துட்டேன்.

மனைவி: நல்லாருக்கு.

கணவன்: சரி விடு. அருவி வர்றதுக்குள்ள இந்தக் கறையையாவது ஒரு கை பார்ப்போம். துணியைக் கீழ போடு. வெறும் கையை நீட்டு. சுவரைத் தொடாத, ஒரு சாண் முன்னாடி வை.

மனைவி: வச்சா... அட. கறை கை மேல ஏறிடுச்சு.

கணவன்: அப்ப அது சுவர்லயா இருக்கு?

மனைவி: இல்ல. வெளிச்சம்.

கணவன்: இப்ப வெள்ளைத் தட்டு ஒண்ணு எடு. கறையைத் தட்டுல பிடிச்சுக்கிட்டே பின்னாடி நட... மெதுவா. பார்த்து, மேசை.

மனைவி: சின்னதாகுதுங்க. ஆனா பளிச்சுன்னு ஆகுது. இன்னும் சின்னதா... இது தெருப்பக்கத்து ஜன்னல்ல கொண்டுவந்து விடுது.

கணவன்: ஜன்னல்ல எங்க?

மனைவி: மூடி வச்ச கதவுல. நான் வரைஞ்ச சூரியகாந்திக்கு நட்ட நடுவுல... ஏங்க, என் பூவுல ஓட்டை.

கணவன்: அப்படியா.

மனைவி: கட்டைவிரல் போகுது.

கணவன்: மரப்புழுவா இருக்கும்.

மனைவி: ஊர் பூராவும் கதவும் பூட்டும் மாட்டற தச்சர் வீட்டுல மரப்புழு. அதுவும் அளவெடுத்து வட்டமாத் துளைக்கற புழு.

கணவன்: படிச்ச புழு போல... அதை விடு. தையல் மெஷின் மேல நூல்கண்டு இருக்கே, அதைக் குடு.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க.

கணவன்: மாத்தலை, அதுக்குத்தான் வர்றேன். நூல் முனையை நீலத்து மேல ஒட்டு. கீழ இருக்குல்ல? அங்கேர்ந்து ஓட்டைக்கு இழுத்துப் பிடி. அதே நேர்கோட்டுல வெளியே போனா எங்க போய் நிக்கும்?

மனைவி: கீழேர்ந்து ஏறி வருது. ஓட்டையைத் தாண்டினா இன்னும் மேல ஏறும்... வானம்.

கணவன்: இப்ப சிவப்புலேர்ந்து இழு.

மனைவி: இது மேலேர்ந்து இறங்குது. தாண்டினா இன்னும் கீழ... எதிர்வீட்டுச் சிவப்பு கேட்.

கணவன்: அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு வளைஞ்சு போகத் தெரியாது. வானத்து வெளிச்சம் ஓட்டைக்குள்ள இறங்கி, நேரா சுவரோட கீழ்ப்பக்கம் போகுது. கேட்லேர்ந்து வர்றது ஏறி மேல்பக்கம் போகுது. ரெண்டும் ஓட்டையில ஒண்ணையொண்ணு தாண்டிப் போகுது, அதான் தலைகீழ். மத்தியானம் நீ ஜன்னலைத் திறந்துடறே. வெளிச்சம் நாலாபக்கமும் பாயுது, படம் கரைஞ்சுடுது.

மனைவி: இத்தனையும் மரப்புழு யோசிச்சிருக்கு.

கணவன்: இரு, இந்த நூலைச் சுத்தி வச்சுடறேன்.

மனைவி: சொல்லுங்க புழு.

கணவன்: ஒரு வீட்டுல கதவு மாட்டப் போயிருந்தேன். சாவித் துளை மட்டும் போட்டுட்டு, பூட்டு வரட்டும்னு இருட்டுல உட்கார்ந்திருந்தேன். திரும்பினா சுவர்ல ஒரு ஆள் தலைகீழா சைக்கிள்ல போறான். கையில இருந்த டீ கால்ல கொட்டிடுச்சு. உடனே உன் நினைப்புதான் வந்துச்சு. இதைப் பார்த்தா உனக்கு ஒரு படமாவது வராதான்னு...

மனைவி: என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

கணவன்: சொன்னா "தோணலை"ம்பே. நீயா கண்டுபிடிச்சா கை அரிக்கும்னு பார்த்தேன். ஆனா ஓட்டை போட்டுப் பார்த்தா மங்கலா ஒரு கறைதான் தெரிஞ்சுது. வெளிச்சம் பத்தலை போலன்னு ஓட்டையைப் பெருசாக்கினேன். இன்னும் மோசமாயிடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?

மனைவி: ஏங்க... சுவர்ல பாருங்க. ஊதாவா ஒண்ணு வருது.

கணவன்: அக்கா குடை.

மனைவி: பக்கத்துல மஞ்சளா, பெரிசா...

கணவன்: அருவிப் பெட்டி.

அக்கா: டேய், கதவைத் திற, கை ஒடியுது... என்னடா இது, பட்டப்பகல்ல இருட்டுல நிக்கறீங்க? கரண்ட் இல்லையா? அருவிக்குக் கரண்ட் வேணுமே.

கணவன்: கரண்ட் இருக்குக்கா.

அக்கா: அப்ப ஆணியை எடு.

மனைவி: அண்ணி... அந்தச் சுவர் காலியா இல்ல.

அக்கா: கண்ணுக்கு நேரா காலியாக் கிடக்கு. கறை வேற.

கணவன்: அது கறை இல்லக்கா. தெரு.

அக்கா: இவனுக்கு என்னம்மா ஆச்சு?

மனைவி: ஒரு நிமிஷம் உட்காருங்க அண்ணி, வெளிக்கதவைச் சாத்திடறேன். ஏங்க, மெஷின் டிராயர்ல ஒரு கறுப்பு அட்டை இருக்கும், எடுங்க.

கணவன்: இதுவா? நடுவுல ஏதோ துளை இருக்கு.

மனைவி: அதைப் பூவோட ஓட்டை மேல வச்சு ஒட்டுங்க. நான் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து விடறேன்.

கணவன்: சோபா வெளுக்குதுன்னு புதுசா உள்துணி வச்சுத் தைச்சியே, அந்தத் திரையா?

மனைவி: முதல்ல ஒட்டுங்க.

கணவன்: ஒட்டிட்டேன்... இருந்ததும் போச்சு. ஒண்ணும் தெரியலை.

மனைவி: கண்ணு பழகட்டும்.

அக்கா: எனக்கு பயமா இருக்கும்மா, இப்படி ஒரேயடியா... ஏய். ஏய், கம்பி தெரியுது. எதிர்வீட்டு கேட். மரம்... இலையெல்லாம் ஆடுதுடி. டேய், என்னைக் கொண்டுவந்து விட்ட வண்டிக்காரர் தலைகீழா நின்னு தலையைச் சொறியறாரு.

கணவன்: இது எப்படி...

அக்கா: அப்ப அருவிக்கு இடமில்ல.

மனைவி: கோவமா அண்ணி?

அக்கா: கோவமெல்லாம் இல்ல. நான் ஒண்ணு சொல்லுவேன், சிரிக்கக் கூடாது. அது எங்க வீட்டுல மாட்டியிருந்ததுதான். சுவிட்சை அணைச்சாலும் குருவி நிக்க மாட்டேங்குது. உங்க தலையில கட்டிடலாம்னு பார்த்தேன்.

கணவன்: பரிசுன்னு சொன்னியேக்கா.

அக்கா: பரிசுதான்டா. எங்க வீட்டுக்குப் பரிசு, அது போறது.

கணவன்: அது இருக்கட்டும். ஏம்மா, இந்த அட்டை எப்ப செஞ்சே? கறை என்னன்னே உனக்கு இப்பத்தானே தெரியும்?

மனைவி: இருங்க, திரையை விலக்கறேன். அண்ணி, அந்த பீரோ மேல் தட்டுல ஒரு துணி சுருட்டி வச்சிருக்கேன். எடுத்து விரிங்க.

அக்கா: என்னம்மா இது, இவ்வளவு நீளம்... முழுக்கத் தையலா? இது இந்தத் தெரு. மரம், கேட்... ஆனா எல்லாம் தலைகீழா இருக்கே. திருப்பிப் பிடிச்சா... இப்பவும் கேட் நம்பர் கண்ணாடியில பார்க்கற மாதிரி இருக்கு.

கணவன்: உனக்குத்தான் ஒண்ணும் தோணலையே.

மனைவி: பென்சிலை எடுத்தாத்தாங்க கை மரத்துப் போச்சு. ஊசியை எடுத்தா போகலை. முதல் நாளே எனக்குத் தெரியும். பூவுக்குக் கீழ மரத்தூள் கிடந்துச்சு, நீங்க கூட்டாம போயிட்டீங்க. அன்னிக்குச் சின்ன ஓட்டை, கண்ணு பழகினதும் தெரு அழகாத் தெரிஞ்சுது. மறுநாள் பெருசாக்கிக் கெடுத்தீங்க. பெரிய ஓட்டைன்னா சின்ன ஓட்டைங்க நிறைய ஒட்டி ஒட்டி இருக்கற மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு படம் போடும், ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும், கடைசியில கறைதான் மிஞ்சும். அதனால அட்டையில கோணி ஊசியால ஒரே ஒரு துளை போட்டேன். படம் மங்கலா விழுந்துச்சு, திரைக்கு உள்துணி வச்சு அறையை இருட்டாக்கினேன். நீங்க வேலைக்குப் போனதும் சுவர்ல இந்தத் துணியைக் குத்தி, விழற கோட்டு மேலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டு வந்தேன். நீங்க வீட்டுல இருக்கறப்ப கறையைத் தேச்சேன்... எத்தனை நாள்தான் வாயைத் திறக்காம இருக்கீங்கன்னு பார்க்க. அண்ணி, அப்படிச் சுத்தாதீங்க. மேல் ஓரத்தைக் கீழ கொண்டுவந்து, பின்பக்கம் வெளியே தெரியற மாதிரி புரட்டுங்க. ஓட்டுத்தையல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆங், அப்படித்தான்... மரம் நேரா நிக்குது, நம்பரும் சரியா இருக்கு. ஏங்க, அந்த ஆணியைக் குடுங்க.